கீரையை நிறுத்திய பெரியவர்

தங்கவயலில் மாரிக்குப்பம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கத்தில் பாறை வெட்டியவர். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அன்றோடு வேலை போயிற்று. தினமும் களி, முருங்கைக்கீரை. அதுதான் அவர் சாப்பாடு.

ஒரு நாள் அவருடைய கால் வீங்கியது. உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி இருந்தது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். டாக்டர் வார்ஃபரின் மாத்திரை கொடுத்தார். கட்டி மேலும் வளராமல் அது தடுக்கும்.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. தினமும் ரயிலில் போய் வருவாள். ஒரு நாள் அவள் செல்போனில் ஒரு செய்தி வந்தது.

“கீரையில் வைட்டமின் கே இருக்கிறது. அது ரத்தத்தை உறைய வைக்கும். கீரையை விடுங்கள். வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடுங்கள். ரத்தக் கட்டி கரையும்.”

இதில் பாதி உண்மை. சிக்கலே அதுதான். முழுப் பொய் என்றால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

வீட்டில் கீரை நின்றது. வைட்டமின் ஈ மாத்திரை வந்தது.

சில நாள் போனது. பல் தேய்க்கும்போது பெரியவருக்கு ஈறில் ரத்தம் வந்தது. கையில் நீலத் திட்டுகள். சிறுநீரும் சிவந்தது. மகள் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை அது. ஐ.என்.ஆர். என்பார்கள். அவருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6 இருந்தது.

டென்மார்க் நாட்டில் ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி இருந்தார். 1929-இல் அவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி போட்டார். குஞ்சுகளுக்கு ரத்தம் கசிந்தது. உறையவில்லை. தீனியில் ஏதோ ஒரு சத்து குறைந்திருந்தது. 1935-இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். பச்சைக் கீரையில் அது நிறைய உண்டு.

வார்ஃபரின் கதை வேறு. அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்த நஞ்சை ஆராய்ந்தபோது பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக வந்தது. 1954-இல்தான் மனிதருக்கு மருந்தானது. வைட்டமின் கே செய்யும் வேலையை அது குறைக்கும்.

பெரியவர் தின்ற கீரைக்குத் தக்கபடி மாத்திரை அளவு அமைந்திருந்தது. கீரை நின்றதும் மாத்திரையின் கை ஓங்கிவிட்டது. வைட்டமின் ஈ அதிகமானால் அதுவும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். உண்டான கட்டியை அது கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

“அப்போ கீரை சாப்பிடலாமாம்மா?” என்று நர்ஸைக் கேட்டார் பெரியவர்.

“நல்லா சாப்பிடுங்க தாத்தா. ஒரே அளவா சாப்பிடுங்க. ஒரு நாள் கட்டு கட்டா, மறுநாள் ஒண்ணுமே இல்லாம, அது வேண்டாம்.”

மகள் செல்போனை நீட்டினாள்.

“இதை எழுதினது யாரு? எந்த மருந்து சாப்பிடுறவங்களுக்கு? எவ்வளவு சாப்பிடணும்? ஏதாவது போட்டிருக்கா, பாரும்மா” என்றார் நர்ஸ்.

எதுவும் இல்லை.

“பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அனுப்பிட்டேன். அவங்க ஆஸ்பிரின் சாப்பிடுறாங்க.”

“ஆஸ்பிரின் வேற மாதிரி வேலை செய்யும். அதுக்காகக் கீரையை விட வேண்டாம்.”

டாக்டர் வைட்டமின் ஈ மாத்திரையை நிறுத்தினார். வார்ஃபரினையும் சில நாள் நிறுத்தி வைத்தார். ரத்தக் கசிவு நிற்க ஒரு மருந்து கொடுத்தார். அது வைட்டமின் கே.

அன்று இரவே மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.