குறையை மறைத்து விற்பது



மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. கவனியுங்கள், மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. நனைந்ததை அடியில் தள்ளியதுதான் குற்றம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற சில கார்களில் சாவி போடும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடும்போதே சாவி திரும்பிவிடும். என்ஜின் அணையும். மோதினால் ஏர்பேக் விரியாது. என்ஜின் அணைவது பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் அதை 'வாடிக்கையாளர் வசதி' பற்றிய குறை என்று வகைப்படுத்தினார்கள். பெயர் மாறியதும் அவசரம் போய்விட்டது. 2006இல் திருத்திய சுவிட்சுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழைய கார்கள் அப்படியே சாலையில் ஓடின. 2014இல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்களாம். வெளியே வந்தபின் யாரும் எதுவும் செய்யமாட்டார்களாம். நிறுவனமே அமர்த்திய விசாரணையின் அறிக்கை சொல்கிறது. (நம் ஜமாஅத் கூட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம்.)

மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். உயிரை எப்படித் திருப்பித் தருவது?

திங்கட்கிழமை தரச் சோதனை அறிக்கையில் கையெழுத்திடப்போகும் சகோதரரே, 'ஆபத்து' என்று எழுத வேண்டிய கட்டத்தில் வேறு சொல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.