மலரும் சிலந்தியும்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அணித்தாக விளங்குவது திருத்தணிகை. முருகப்பெருமான் உறையும் இம்மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாள்களை அவை குறிக்கும் என்பர். படியேறுவோர் கண்கள் கோபுரத்தையே நாடும். சாரற் புதரில் பூத்த பூங்கொத்தைக் குனிந்து நோக்குவார் சிலரே. நோக்குவார்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கும்.

உண்ணிச்செடியின் பூங்கொத்தில் பட்டாம்பூச்சி ஒன்று அமர்ந்திருக்கிறது. நெடுநேரமாகியும் அது பறக்கவில்லை; சிறகும் அசையவில்லை. உற்று நோக்கின், அதன் தலைப்புறத்தைக் கவ்விய சிறு சிலந்தி தோன்றும். அதுவே நண்டுச் சிலந்தி. நீண்ட முன்கால்களை நண்டுபோல் விரித்து, பக்கவாட்டில் நடத்தலின் இப்பெயர் பெற்றது. இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. மலரே இதற்கு வலை.

எனினும், எல்லா மலர்களும் இதற்கு ஒருதன்மையன அல்ல. முருகனுக்கு உகந்த வெட்சியிலும், உண்ணிச்செடியிலும் சிறுபூக்கள் பல நெருங்கி மேடைபோல் அமைகின்றன. ஆங்குச் சிலந்திக்குக் கால் ஊன்ற இடமும், பூக்களின் இடையே ஒடுங்க மறைவும் உண்டு. அப்பூக்களின் தேனோ குறுகிய குழலின் அடியில் உள்ளது. உறிஞ்சுகுழலை உள்ளே செலுத்திய பட்டாம்பூச்சி சிறிது தங்க நேர்கிறது. அச்சிறுபொழுதே சிலந்திக்குப் போதும்.

ஆவிரையின் அமைப்பு வேறு. அதன் இதழ்கள் அகல விரிந்தவை. ஒளிய இடம் குறைவு. தேனும் அதில் இல்லை. மகரந்தம் நாடியே தேனீக்கள் வருகின்றன. இத்தகைய திறந்த மலரில் நிறமே சிலந்திக்கு மறைவாகும். நண்டுச் சிலந்திகளுள் சில, வெண்மையினின்று மஞ்சளாகச் சில நாள்களில் நிறம் மாற வல்லன.

இனி, ஓர் ஐயம் எழும். மகரந்தம் சுமக்கும் தேனீயைக் கொல்லும் சிலந்தி செடிக்குப் பகை அன்றோ? சூரிச் பல்கலைக்கழக அறிஞர்கள் கடுகினச் செடியொன்றை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் விடை கண்டனர். பூவைத் தின்னும் புழுக்கள் தாக்கியபோது அச்செடி மணத்தை மிகுதியாக வெளியிட்டது. அம்மணம் நண்டுச் சிலந்திகளை ஈர்த்தது. அவை புழுக்களை உண்டன. செடியும் பயன் பெற்றது. புழுக்கள் இல்லாதபோது தேனீக்களைத் தடுக்கும் அதே சிலந்தி, புழுக்கள் பெருகியபோது செடிக்குக் காவலாயிற்று.

ஆகவே, பகையும் நட்பும் காலத்தையும் இடத்தையும் பொறுத்தன. பூசைக்குப் பூக்கொய்யும் கை, சிலந்தியைக் கண்டதும் நசுக்க விரைதல் கூடாது. அவ்வொரு கொத்தைச் செடியிலேயே விட்டு, அடுத்த கொத்தை நாடுதலே அறிவுடைமை.