கதவுக்குப் பூசிய பெயின்டும் கடைக்காரன் படித்த பாடமும்

சில வருடங்களுக்கு முன், பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் எனது ஹாட்வெயார் கடைக்கு ஒருவர் வந்தார். வீட்டின் உட்கதவுகளுக்கு எனமல் பெயின்ட் கேட்டார். நான்கு லீற்றர் டின்னொன்றையும் பிரஷ் ஒன்றையும் கொடுத்துப் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். அதற்குள் தோல் தோலாக உரிந்த பெயின்ட். "நானா, இதுதான் நீங்கள் தந்த சாமான்" என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். "சாமானில் பிழையில்லை, பூசியதில்தான் பிழை" என்று அவர் வாயை அடைத்து அனுப்பினேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால், அந்த உண்மையை டின்னை விற்ற அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதன் பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் என் வீட்டுக் கதவுகளுக்கு நானே பெயின்ட் பூசினேன். சமையலறைக் கதவில் நகம் பட்டாலே பூச்சு உரிந்தது. குளியலறைக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. அனுபவமுள்ள பெயின்ட் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். "முதலாளி, உங்கள் பெயின்ட் கதவில் ஒட்டவில்லை, எண்ணெயில் ஒட்டியிருக்கிறது" என்றார். அவர் சொல்லித்தந்தவற்றை வியாபார அன்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, சுத்தம். கைப்பிடியைச் சுற்றியும் சமையலறைக் கதவு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

இரண்டாவது, தேய்த்தல். பழைய எனமலின் மினுமினுப்பின் மேல் புதிய பூச்சு பிடிக்காது. 120 அல்லது 180 இலக்க சாண்ட் பேப்பரால் மரத்தின் நார் ஓடும் திசையில் தேய்த்து மினுமினுப்பை எடுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் பூச்சுக்கு மேலும் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. பெயின்டிலுள்ள ஈயத்துக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விதித்த உச்ச வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் அதிகமாக இருக்கலாம். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய கதவை உலர்வாகத் தேய்க்காமல், நீரில் பாவிக்கும் சாண்ட் பேப்பரால் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, அடிப்பூச்சு. வெறும் மரம் தெரியும் இடங்களுக்கு முதலில் மரத்துக்கான பிரைமர். அது காய்ந்த பிறகே ஓட்டைகளுக்குப் புட்டி. வெறும் மரத்தில் எண்ணெய்ப் புட்டி வைத்தால் அதன் எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும். புட்டி சுருங்கி உதிரும். புட்டி காய்ந்ததும் தேய்த்து, அதன் மேலும் பிரைமர் பூச வேண்டும்.

நான்காவது, ஓரங்கள். பெரும்பாலோர் கதவின் அடி விளிம்புக்குப் பூசுவதில்லை. குளியலறைக் கதவு நீரை உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். நீர் ஏறிய மரம் ஊதி, கதவு இறுகும். ஆகவே பிணைச்சலைக் கழற்றிக் கதவை இறக்கிப் படுக்க வைத்து, மேல், கீழ் விளிம்புகளுக்கும் பூச வேண்டும். ஏற்கெனவே இறுகும் கதவானால், நன்றாகக் காய்ந்த பின் விளிம்பைச் சீவிவிட்டே பூச வேண்டும்.

ஐந்தாவது, மேற்பூச்சு. தடிப்பான ஒரு பூச்சு வழிந்து நிற்கும். மெல்லிய இரண்டு பூச்சே நல்லது. பலகைக் கதவானால் உள்பலகைகளை முதலில் பூசி, பின்னர் குறுக்குச் சட்டங்களையும், கடைசியில் நெடுஞ்சட்டங்களையும் பூச வேண்டும். மழை நாளில் தொடங்கக் கூடாது. இரு பூச்சுக்கும் இடையில் டின்னில் எழுதியுள்ள நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. 6 அடி 9 அங்குல உயரமும் 2 அடி 9 அங்குல அகலமும் உள்ள கதவின் இரு பக்கமும் விளிம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 80 சதுர அடி. ஒரு லீற்றர் எனமல் 130 சதுர அடிக்குப் போதுமென்று வைத்தால், நான்கு கதவுக்கு இரண்டரை லீற்றர் போதும். அன்று நான் விற்ற நான்கு லீற்றர் டின் அவருக்குத் தேவைதானா? அவரிடம் இருப்பது எத்தனை கதவு என்றுகூட நான் கேட்கவில்லையே!

என் கதவுகளை மறுபடி பூசி முடித்த கையோடு, பிரைமர், புட்டி, சாண்ட் பேப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போனேன். "பிழை என்னுடையது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே கூட்டிச் சென்று கதவுகளைக் காட்டினார். பிறகு தேநீர் தந்தார். அடுத்த மாதம் தன் மச்சானுடன் கடைக்கு வந்தார்.

இப்போது பெயின்ட் கேட்டு வருவோரிடம் மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனை கதவு? புதிய மரமா, பழைய பூச்சா? எந்த அறைக்கு? சிலருக்குச் சிறிய டின்னே போதும். டின்னில் குறையும் இலாபம் சாண்ட் பேப்பரிலும் பிரைமரிலும் ஓரளவு திரும்பி வருகிறது. வராவிட்டாலும் அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார், பொட்டலம் இல்லாமல்.