ஸ்காட்லாந்தில் கார் ஓட்டிக் கோட்டை பார்க்கப் போகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எடின்பரோவில் கார் எடுத்து, ஸ்டர்லிங், கிளென்கோ, ஸ்கை தீவு, இன்வர்னஸ் என்று ஹைலண்ட்ஸ் மலைகளைச் சுற்றி, கோட்டைகளையும் அங்குள்ள குலங்களின் பூர்வீக இடங்களையும் பார்த்துத் திரும்ப ஏழெட்டு நாள் போதும். திட்டம் சரியில்லை என்றால் அந்த ஏழெட்டு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழிந்துவிடும். நம் ஊர் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், பயமில்லை என்று கிளம்பி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாலை குறுகியது, கோட்டைக் கதவு சீக்கிரம் மூடும், வாடகைக் கார் ஒப்பந்தத்தில் பொடி எழுத்து அதிகம். டிக்கெட் போடும் முன்பே இந்தப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• பயணத்தை மைலில் கணக்குப் போடாதீர்கள், மணியில் போடுங்கள். மேப் காட்டும் நேரத்தோடு பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வர்னஸிலிருந்து எலன் டோனன் கோட்டை சுமார் 70 மைல்தான். ஆனால் லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்கட் கோட்டை, மலைத் திருப்பங்கள், முன்னால் ஊர்ந்து போகும் கேரவன் எல்லாம் சேர்ந்து அரை நாளைத் தின்றுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை, நாலு மணி நேரம் ஓட்டுதல். அதற்கு மேல் வைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

• மே மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மிட்ஜ் என்ற பொடிக் கொசுக்கள் ஏரிக்கரையில் நிற்கவே விடாது. டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறரை மணி நேரம்தான்.

• கோட்டை திறந்திருக்கும் தேதியைப் பார்த்த பிறகே ஓட்டல் போடுங்கள். டன்வேகன், டன்ராபின் போன்ற தனியார் கோட்டைகள் குளிர்காலத்தில் பல மாதங்கள் மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளிலும் கடைசி நுழைவு நேரம் என்று ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

• எந்தக் கோட்டை யாருடையது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். எடின்பரோ, ஸ்டர்லிங், அர்கட் ஆகியவை அரசுத் தொல்லியல் அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் பொறுப்பில் உள்ளவை. அவர்களுடைய எக்ஸ்ப்ளோரர் பாஸ் அங்கே செல்லும். கலோடன் போர்க்களமும் கலேன் கோட்டையும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்துக்குச் சொந்தம். எலன் டோனன், டன்வேகன், பிளேர், காடர் நாலுக்கும் தனித்தனி டிக்கெட். ஒரே பாஸில் எல்லாம் முடியும் என்று நம்பி வாங்கினால் இரட்டைச் செலவு.

• லைசென்ஸ் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். சுற்றுலா போகிறவருக்கு இந்திய லைசென்ஸ் பிரிட்டனில் 12 மாதம் வரை செல்லும். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில வாடகை நிறுவனங்கள் கேட்கும். லண்டனில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள் கவனியுங்கள்: குடியேறி 12 மாதம் தாண்டிவிட்டால் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே ஓட்டக்கூடாது.

• ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே புக் செய்யுங்கள். கேட்காமல் விட்டால் பெரும்பாலும் கியர் கார்தான் கிடைக்கும். டெபாசிட் பிடிக்கும் கிரெடிட் கார்டு, ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் கவுன்டரில் சாவி தராமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

• 'எக்ஸஸ்' தொகை எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். விபத்தில் உங்கள் கையிலிருந்து போகும் பணம் அது. டயரும் கண்ணாடியும் பல இன்சூரன்ஸ்களில் சேராது, ஹைலண்ட்ஸ் சாலையின் ஓரக் கல்லோ டயரைத்தான் முதலில் கிழிக்கும்.

• காரை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

• 'பாஸிங் பிளேஸ்' பழக்கத்தை வீட்டிலேயே புரிந்துகொண்டு போங்கள். வட ஹைலண்ட்ஸிலும் ஸ்கையிலும் பல சாலைகள் ஒரு கார் அகலம்தான். நடுநடுவே ஒதுங்குவதற்குப் புடைத்த இடம் விட்டு, பலகை வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடதுபக்கம் இருக்கும்போது அதற்குள் ஒதுங்குங்கள். வலதுபக்கம் இருந்தால் குறுக்கே போகாதீர்கள். அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிர்வண்டி அதற்குள் நுழைந்து உங்களைக் கடந்து போகும். பின்னால் வேகமாக வருகிறவருக்கும் அங்கே ஒதுங்கி வழி விடுங்கள். அவர் டாக்டராக இருக்கலாம், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை அழைக்கப் போகிறவராக இருக்கலாம். ஒதுங்கியவருக்குக் கை உயர்த்துங்கள், அது அந்த ஊர் மரியாதை.

• பெட்ரோல் பாதி இருக்கும்போதே நிரப்புங்கள், மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் பங்கும் சிக்னலும் ஒன்றாகவே காணாமல் போகும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். மாற்றிப் போட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

• டன்ராபின் கோட்டையைப் பார்த்த நாளிலேயே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக்கும் போங்கள். டன்ராபின் சதர்லாந்து பிரபுக் குடும்பத்தின் மாளிகை. கூரான கோபுரங்களும் கடலைப் பார்த்த தோட்டமுமாக அழகு கண்ணைக் கட்டும். அந்தக் குடும்பத்தின் எஸ்டேட்தான் 1810-களில் ஸ்ட்ராத்நேவர் மக்களை வீட்டைவிட்டு விரட்டி, நிலத்தை ஆட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகை விட்டது. கூரைகளைக் கொளுத்தினார்கள். கடற்கரைக்குத் தள்ளப்பட்டவர்கள் போக மீதிப்பேர் கனடாவுக்கும் இன்னும் தொலைவுக்கும் கப்பலேறினார்கள். இன்று நாம் 'ஆளரவமில்லாத அழகு' என்று காரை நிறுத்திப் படம் எடுக்கும் பள்ளத்தாக்குகளில் பல, இப்படி ஆளில்லாமல் ஆக்கப்பட்டவை. மாளிகையை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிக் கதைதான் தெரியும். பெட்டிஹில் ஊரில் பழைய தேவாலயத்துக்குள் இருக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்தில் மீதியைச் சொல்வார்கள். நேரம் இருந்தால் ஆர்ட்கே பக்கம் குரோயிக் தேவாலயத்துக்கும் போங்கள். 1845-ல் கிளென்கால்வியிலிருந்து விரட்டப்பட்டவர்கள் அதன் வளாகத்தில் தங்கியபோது ஜன்னல் கண்ணாடியில் கீறிவைத்த வரிகள் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

• ஃபைரிஷ் குன்றில் ஏறுங்கள். நம்மவர்கள் ஒருவர்கூடத் தவறவிடக்கூடாத இடம் இது. இன்வர்னஸுக்கு வடக்கே அல்னஸ் ஊருக்குமேல், 453 மீட்டர் உயரத்தில் கல் வளைவுகள் நிற்கின்றன. நாகப்பட்டினம் கோட்டை வாசலின் சாயலில் கட்டியதாகச் சொல்கிறார்கள். கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1780-ல் ஹைதர் அலியின் படை பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது, அருகே காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தும் உதவாமல் பின்வாங்கிய தளபதி இவர். மறுவருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பி, பஞ்ச காலத்தில் உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்க இதைக் கட்டினாராம். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஆகும், டிக்கெட் கிடையாது. வழி சேறாக இருக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

• முன்னோரைத் தேடிப் போகிறீர்கள் என்றால் தேடலை ஊரிலேயே தொடங்குங்கள். ஃப்ரேசர், கேம்பெல் என்று பெயருள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சென்னையிலும் போத்தனூரிலும் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு 1855-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை சர்ச் பதிவேடுகள். இரண்டும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். ஊர்ப்பெயர் கையில் இல்லாமல் குலப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால், அந்தப் பெயருள்ள கல்லறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

செய்யக்கூடாதவை

• வட ஹைலண்ட்ஸைச் சுற்றும் நார்த் கோஸ்ட் 500 சாலையை மூன்று நாளில் முடிக்க நினைக்காதீர்கள். 516 மைல் அது. ஒரு வாரம் இல்லையென்றால் ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிதானமாகப் பாருங்கள்.

• பியலக் நா பா மலைச்சாலையில் முதல் நாளே ஏறாதீர்கள். 626 மீட்டர் உயரம், ஊசி வளைவுகள், ஒற்றைத் தடம். கொல்லிமலையில் ஓட்டியவருக்கு வளைவு பயமில்லை. எதிரே வரும் வேனுக்காக ரிவர்ஸ் எடுப்பதுதான் சோதனை, வாடகைக் கார் கைக்குப் பழகியபின் போங்கள்.

• பாஸிங் பிளேஸில் நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள். அந்த ஒரு கார் சாலை முழுவதையும் அடைத்துவிடும், ஆம்புலன்ஸும் அதே வழியில்தான் வர வேண்டும்.

• விஸ்கி ஆலையில் ஒரு வாய்கூடக் குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தின் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி.; இங்கிலாந்தின் 80-ஐவிடக் குறைவு. 'நான் டிரைவர்' என்று சொன்னால் பல ஆலைகளில் உங்கள் பங்கைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

• நண்பர் காரை 'சும்மா ரெண்டு நாள்' என்று வாங்கி ஓட்டாதீர்கள். அவருடைய இன்சூரன்ஸில் உங்கள் பெயர் இல்லையென்றால் அது குற்றம், கார் பறிபோகும். நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான்.

• ஸ்பீடு போர்டைக் கிலோமீட்டராகப் படிக்காதீர்கள். எல்லாம் மைல், 60 என்றால் நம் கணக்கில் 96. ஊருக்குள் 30, பல இடங்களில் 20. ஏ9 சாலையில் கேமராக்கள் சராசரி வேகத்தைக் கணக்கிடும். கேமராவைப் பார்த்து பிரேக் போட்டுத் தப்ப முடியாது.

• சாயங்காலம் மங்கிய பிறகு வேகமாகப் போகாதீர்கள். மான்கள் சாலைக்குக் குறுக்கே பாயும்; ஆடுகள் நடுச்சாலையிலேயே படுத்திருக்கும்.

• கலோடனில் கல்லறைக் கற்களின்மேல் உட்காராதீர்கள், சாய்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். 1746 ஏப்ரல் 16-ல் அங்கு நடந்த போரில் ஒரு மணி நேரத்துக்குள் மடிந்த குலத்தவர்களைக் கும்பலாகப் புதைத்த இடம் அது. குலப்பெயர் பொறித்த கற்களைப் பார்க்க, குலதெய்வம் கோயிலுக்கு வருகிறவர்களைப் போல உலகின் எங்கெங்கிருந்தோ வாரிசுகள் வருகிறார்கள். குரலைத் தாழ்த்துங்கள், பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.

• பக்கத்தில் உள்ள கிளாவா கற்குவியல்களிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்காதீர்கள். 4,000 ஆண்டுப் பழமையான கல்லறைகள் அவை. அனுமதி இல்லாமல் டிரோனும் பறக்கவிடாதீர்கள்.

• போட்டோவில் பார்த்த கோட்டைகளை மட்டும் துரத்தாதீர்கள். எலன் டோனன் 1719-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று நிற்பது 1912-க்கும் 1932-க்கும் இடையில் திரும்பக் கட்டியது. பார்க்க வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆவ் ஏரியோரத்துக் கில்கர்ன், அசின்ட் ஏரியோரத்து ஆர்ட்வ்ரெக் போன்ற இடிபாடுகளின் முன் நிற்கும்போதுதான் பழைய காலம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

• 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கடையில் விற்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் தனி மனிதருக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. லார்ட் லயன் நீதிமன்றம்தான் அதை வழங்கும். ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் 'லேர்ட்' பட்டம் என்ற விளம்பரத்திலும் விழாதீர்கள். அந்தத் துண்டை உங்கள் பெயரில் பதிவே செய்ய முடியாது.

• கிளென்ஃபினனில் ரயில் வரும் நேரத்துக்குக் காரோடு போய் இறங்காதீர்கள். ஹாரி பாட்டர் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டத்தில் பார்க்கிங் நிரம்பிவிடும், சாலையோரம் நிறுத்தினால் அபராதம். காலையிலேயே போய்விடுங்கள்.

• ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். சிற்றூர்களில் எட்டரைக்குள் கிச்சன் மூடிவிடும். சைவமென்றால் முந்தைய டவுனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

• விமானத்துக்கு முந்தைய இரவை ஹைலண்ட்ஸில் கழிக்காதீர்கள். ஏ9-ல் ஒரு விபத்து நடந்தால் மணிக்கணக்கில் சாலை மூடும், மாற்றுவழி மலையைச் சுற்றிப் போகும். கடைசி ராத்திரி அறையை எடின்பரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போடுங்கள்; மற்ற ராத்திரிகளை அதிலிருந்து பின்னோக்கி நிரப்புங்கள்.