லைசென்ஸ் புதுப்பிக்கும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

கீரமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. லாரி ஓட்டும் கணவருக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள், ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, டாக்டரிடம் சொன்னால் பிழைப்பு போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், அம்மா.

டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1ஏ பெரும்பாலும் கண், காது, கைகால் பற்றியது. 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் பகலில் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று கேட்கிறது. சர்க்கரைக்கென்று தனிக் கேள்வி இல்லை. ஆனால் அவரே கையெழுத்திடும் படிவம் 1, திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா என்கிறது. இன்சுலின் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் வண்டி எடுப்பவருக்கு அது வரக்கூடியதே. முழு லோடோடு போகும்போது கை நடுங்கி, வியர்த்து, எதிரே வருவது புத்தியில் ஏறாமல் போனால் என்ன ஆகும்?

பிரிட்டனில் இன்சுலின் போடுபவர்கள் பெரிய லாரி ஓட்ட 2011 வரை தடை இருந்தது. இப்போது ஓட்டலாம். கிளம்பும் முன்பும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கொரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் கணவரும் அப்படியே செய்யட்டும். குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நடுக்கம் தெரிந்ததும் ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டுக் குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். சரியான பிறகும் முக்கால் மணி நேரம் கழித்தே கிளம்ப வேண்டும்.

2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பின் நம் ஊரில் ஹெவி லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். முன்பு மூன்றுதான். ஐந்து ஆண்டில் சர்க்கரை கண்ணை நிறையவே கெடுத்துவிடலாம். நம்பர் பிளேட் தெரிகிறவருக்கும் விழித்திரை பழுதாகியிருக்கலாம். ஆண்டுக்கொரு முறை புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், அன்று அவர் வண்டி தொடக் கூடாது.

உங்கள் பயம் நியாயமானது. அரசு பஸ் டிரைவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்ப 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தராது. நிறக்குருடு என்று அனுப்பப்பட்ட தெலங்கானா போக்குவரத்துக் கழக டிரைவருக்கு மாற்று வேலை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனியார் லாரி ஓட்டுபவருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. உண்மையைச் சொன்னவருக்கு மாற்று வேலையோ சிகிச்சைக் காலச் சம்பளமோ இல்லாதவரை, பலர் மறைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்கள். உரிமையாளர் சங்கங்களும் அரசும் இதை முதலில் பேச வேண்டும்.

புதுப்பிக்கப் போகும் முன் இன்சுலின் தரும் டாக்டரிடம் ஓட்டும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் சொல்லி, அளவை அதற்கேற்ப மாற்றித் தரச் சொல்லுங்கள். கணவர் கூடவே நீங்களும் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்