எண்ணெயும் ஆயுளும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள மகாராஜபுரம் முதலிய ஊர்களில் தென்னை செழித்து வளர்கிறது. எள்ளும் நிலக்கடலையும் நம் உழவர்கட்குப் புதியன அல்ல. எனவே, எந்தக் கொழுப்பு உடலுக்கு உகந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

கொழுப்பு முழுவதையும் ஒதுக்குதல் தவறு. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் உடலிற் சேர அது இன்றியமையாதது. ஆயினும் கொழுப்புகள் யாவும் ஒருதன்மையன அல்ல. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பாகும். இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தும். நாளடைவில் இரத்தக் குழாய்கள் அடைபட்டு மாரடைப்பு நேரலாம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. முன்னதைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பின்னதைக் கொண்டால் இவ்வபாயம் குறையும். இதற்காகத் தென்னையைக் கைவிட வேண்டுவதில்லை. தேங்காயை அளவோடு சேர்த்து, தாளிக்க மற்ற இரு எண்ணெய்களையும் மாற்றி மாற்றிக் கையாண்டாற் போதும்.

நல்ல எண்ணெயும் அளவு மிஞ்சினால் உடல் பருமனைத் தரும். நால்வர் கொண்ட இல்லத்திற்கு மாதம் 3 லிட்டர் போதுமானது. அதாவது ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 கிராம்.

கொழுப்புகளுள் மிகக் கொடியது டிரான்ஸ் கொழுப்பு. உணவு எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்பது 2022 ஜனவரி முதல் நம் நாட்டு விதி. பலமுறை காய்ச்சிய எண்ணெயும் கேடு விளைவிப்பதே. பலகாரக் கடைகளில் இவ்வழக்கம் ஒழியுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. ஊரார் நெடுநாள் நலமுடன் வாழ்வதும் கிராம முன்னேற்றமே அன்றோ!