கமலாம்பாள் சரித்திரமும் கணியூர்த் திண்ணையும்

மர்ம நாவல் என்றதும் நம் மாணவர் பலருக்குக் கொலையும் துப்பறிவாளரும் நினைவுக்கு வருவது இயல்பே. கொலை ஏதுமின்றி, ஒரு கணவன் மனைவியின் வாழ்வையே வைத்து நெஞ்சு படபடக்கச் செய்யும் நாவல் ஒன்று தமிழில் நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அதுதான் பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வெளிவந்தது. 1872இல் வத்தலக்குண்டில் பிறந்த ஆசிரியருக்கு, எழுதத் தொடங்கியபோது நம்மில் பலருடைய வயதுதான். 1898இல் அவர் மறைந்தார். இவ்வொரு நாவலே அவர் தமிழுக்குத் தந்தது.

‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது இதன் மற்றொரு தலைப்பு. குற்றவாளி யார் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார் ஆசிரியர்! ஆயினும் ஆவல் குறையவில்லை. சிறுகுளத்து முத்துஸ்வாமி ஐயர் செல்வர். கமலாம்பாள் அவருக்கு இணையான அறிவும் பேச்சும் உடையவள். அவர்களுடைய மகன் காணாமற் போகிறான், செல்வம் கரைகிறது. இத்தனைக்கும் மேலாக மனைவியைப் பற்றிய அவதூறு கணவர் காதில் விழுகிறது. அவள் மாசற்றவள் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. “இவர் அவளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்பாரா?” என்பதே நம்மைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்லும் கேள்வி. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவிலும் இதே துடிப்பைக் காண்கிறோம். ஆனால் அங்கே நஞ்சு ஊட்டுபவன் இயாகோ ஒருவன். இங்கோ, வம்பர் மகாசபை என்று ஆசிரியர் நகைச்சுவையோடு பெயரிடும் ஊர்ப் பேச்சு முழுவதுமே அவ்வேலையைச் செய்கிறது. முதலில் அச்சபையைக் கண்டு நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கணியூரில் எங்கள் அத்தை ஒருத்தி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். இரவு ஷிப்டு முடிந்து வேன் அவளை இறக்கிவிடும் நேரத்தைத் திண்ணையில் இருந்தவர்கள் கணக்கிட்டார்கள். கணக்கு மாமாவின் காதுக்குப் போயிற்று. அவர் சண்டையிடவில்லை, அடிக்கவில்லை. ஒரு நாள் துணிப்பையுடன் கிளம்பிப் போனவர், ஏழு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

சென்ற விடுமுறையில் இந்நாவலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கணவர் வீட்டைத் துறக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“ஏங் கண்ணு, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அவுரு?”

“இல்லீங்கத்தை.”

“கேக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

நாவலின் பிற்பகுதி ஆன்மிக வழியில் செல்கிறது. அமைதியற்ற ஓர் உயிர் அமைதி பெறுவதைக் காட்டுவதே தம் நோக்கம் என்பதை ஆசிரியரே முடிவில் தெரிவிக்கிறார். அது அவருடைய உரிமை. எனினும், தத்துவம் பெருகப் பெருகக் கதையின் விறுவிறுப்பு தளர்கிறது என்பது என் கருத்து. தம்பதியர் மீண்டும் சேர்கின்றனர், மகனும் கிடைக்கிறான். கணவரின் மனமாற்றத்திற்கு எத்தனையோ பக்கங்கள் ஒதுக்கிய ஆசிரியர், கமலாம்பாளின் கோபத்திற்கும் சிறிது இடம் தந்திருக்கலாம்.

முடிவைக் கேட்ட அத்தை, “சேந்துட்டாங்கல்ல, சரி. வம்பு பேசுனவங்க அப்புறம் என்ன சொன்னாங்களாம்?” என்றாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்குத் திருப்தி தரும் பதில் எனக்கு அகப்படவில்லை.